ஆபரேட் மட்டும்

பிராஜெக்ட் விளக்கத்தின் கடைசி ஸ்லைடில் தன் பெயருக்கு நேரே இருந்ததைப் படித்ததும் ஜூடிக்குக் காது மடல் சுட்டது. ‘கள ஆய்வு மற்றும் டெமோ உதவி’ என்று போட்டிருந்தது. அதற்கு மேல் வரியில் அத்னானின் பெயர். அவனுக்கு நேரே, ‘வரிசையும் டோக்கனும்: வடிவமைப்பு, நிரல்’.

அந்த வரிசைக்கும் டோக்கனுக்கும் உரிய நிரலை எழுதியவள் ஜூடி. காலேஜ் பஸ் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்ற நேரமெல்லாம் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுதியது. பஸ் குலுங்கும்போது தப்பாக விழுந்த எழுத்துகளை வீட்டுக்குப் போய்த் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்து, மறுபடி உடைத்து எழுதியது.

“இது இன்னாது?” என்றாள்.

விஷ்வஜித் நிமிர்ந்து பார்த்தான். அணித் தலைவன் அவன்தான். அண்ணா நகரிலிருந்து வருகிறவன். யாரையும் கடிந்து பேசமாட்டான். எதைச் சொன்னாலும் உங்கள் நன்மைக்குத்தான் என்பதுபோல் ஒரு முகம் வைத்திருப்பான்.

“ஜூடி, கோபப்படாத. ரிப்போர்ட்ல எல்லாருக்கும் ஒரு ரோல் வேணும். நாளைக்கு எக்ஸ்டர்னல் வர்றாங்க. பெரிய கம்பெனில சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட். கியூ மாட்யூலை அத்னான் பிரசன்ட் பண்ணட்டும். நீ லேப்டாப் ஆபரேட் பண்ணு, போதும்.”

“நா எய்தினத அவன் எதுக்குப் பேசணும்?”

அணியில் நான்காவது ஆளான தன்யா சட்டென்று குனிந்து போனைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. விஷ்வஜித்தும் உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டான்.

“இதான் ஜூடி. இதுக்குத்தான் சொல்றேன். ‘எய்தினேன்’னா அம்பு விட்டேன்னு அர்த்தம். எங்களுக்குப் பழகிடுச்சு. வர்றவங்களுக்கு எப்படி இருக்கும்? உன் ஸ்லாங்கை நான் தப்பு சொல்லல. புரொஃபஷனலா இருக்கணும், அவ்வளவுதான்.”

ஜூடி அத்னானைப் பார்த்தாள். அவன் தண்டையார்பேட்டைக்காரன். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளிக்கூடம். ரம்ஜானுக்கு அவன் வீட்டுக் கஞ்சி ராயபுரத்திலுள்ள இவள் வீட்டுக்கு வரும், கிறிஸ்துமஸ் பலகாரம் அங்கே போகும். இவள் அம்மா இருதயம்மாளை அவனும் அம்மா என்றுதான் கூப்பிடுவான். அவன் வீட்டில் யாருடைய நாக்கிலும் ‘ழ’ வந்தது கிடையாது. அந்த அத்னான் இப்போது ஸ்லைடின் எழுத்துருவை மாற்றிக்கொண்டிருந்தான். பெரிதாக்கினான், சிறிதாக்கினான், மறுபடி பெரிதாக்கினான்.

“சரி,” என்றாள் ஜூடி. “ஆபரேட் பண்றேன்.”

*

மூன்றாம் ஆண்டில் இந்தப் பாடத்துக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையில், அதாவது எல்லாவற்றையும் தனித்தனி வகைகளாகப் பிரித்து, மென்பொருள் செய்வது எப்படி என்று கற்றுக்கொடுத்துவிட்டு, நான்கு நான்கு பேராகப் பிரித்து விடுவார்கள். செமஸ்டர் முடிவதற்குள் ஒவ்வொரு அணியும் ஏதாவது ஒரு நிஜமான காரியத்துக்கு மென்பொருள் செய்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். மதிப்பெண் அணிக்குத்தான். நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண்.

என்ன செய்யலாம் என்று முதல் வாரம் விஷ்வஜித் கேட்டபோது, நூலகம், உணவு டெலிவரி என்று எல்லாரும் சொல்லும் பெயர்கள்தான் வந்தன. துறைமுக வாசலில் லாரிகளுக்கு டோக்கன் கொடுக்கலாம் என்றவள் ஜூடி. அவளுடைய அப்பா ஜேக்கப் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் நுழைய அந்தச் சாலையில் இரவும் பகலுமாக வரிசையில் கிடக்க வேண்டும். போன வருஷம் ஒரு தடவை வாசலை நெருங்கும் சமயத்தில் டயர் வெடித்துவிட்டது. லாரியை ஓரம் கட்டச் சொன்னார்கள். டயரை மாற்றிக்கொண்டு வந்தால் பழைய இடம் கிடையாது, வாலுக்குப் போ என்றார்கள். ஜேக்கப் சண்டை போட்டுப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தவர், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அதனால்தான் ஜூடி டோக்கனை லாரியோடு கட்டவில்லை. விஷ்வஜித் வரைந்த வடிவமைப்புப் படத்தில் லாரி என்று ஒரு வகை, அதற்குள் எண், எடை, டோக்கன், ஓட்டுநர் பெயர் எல்லாம் அடைந்து கிடந்தன. ஜூடி ஓட்டுநரை வெளியே எடுத்துத் தனி வகையாக வைத்தாள். டோக்கனை அவர் கையில் கொடுத்தாள். லாரி நின்றுபோனால் ஓட்டுநர் தன் போனில் ‘பழுது’ என்பதை அழுத்த வேண்டும். பின்னால் உள்ளவர்கள் நகர்ந்துகொண்டிருப்பார்கள். அவருடைய இடம் அவருக்காகக் காத்திருக்கும். லாரி சரியானதும் நேராக முன்னால் வந்து சேர்ந்துகொள்ளலாம். கேட்க எளிதுதான். அதைச் செய்து முடிப்பதற்குள் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு லாரிகள் அடுத்தடுத்துப் பழுதானால் வரிசை குழம்பும். அதைச் சரிசெய்தால் வேறொன்று குழம்பும். கடைசியில் ஒருநாள் எல்லாம் ஒழுங்காக ஓடியபோது பஸ் இருக்கையில் உட்கார்ந்தபடியே கையைத் தட்டினாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களுடைய முதல் ரிவ்யூவில் வகுப்பு ஆசிரியை கார்குழலி மேடம், “இந்த ஐடியா நல்லா இருக்கே, யார் எழுதினது?” என்று கேட்டார். “நாந்தான் மேடம் எய்தினேன்” என்றாள் ஜூடி. வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து விஷ்வஜித்தின் நண்பர்கள் அவளை வராந்தாவில் பார்த்தால் வில்லை இழுத்து அம்பு விடுவதுபோல் கை காட்டுவார்கள்.

*

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே அம்மா கேட்டாள், “இன்னாடி, மூஞ்சு ஒரு மாறியா கீது?”

இருதயம்மாள் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா வேலை பார்க்கிறவள். அப்போதுதான் வந்து, சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைத்திருந்தாள்.

“இன்னா, கீது... ஒழுங்காப் பேசவே தெரியாதாம்மா உனக்கு? ‘என்ன’ன்னு கேளு. ‘இருக்கு’ன்னு சொல்லு. நீங்க இப்படிப் பேசிப் பேசித்தான் எனக்கும் இந்த நாக்கு வந்துது!”

சொல்லி முடிக்கும் முன்பே ஜூடிக்குத் தெரிந்துவிட்டது, தான் பேசியது விஷ்வஜித்தின் பேச்சு என்று. அம்மா கரண்டியை வைத்தாள்.

“யாரு சொன்னா உனுக்கு?”

“யாரும் சொல்லல.”

“எவனோ சொல்லிக்கீறான். அவன் கைல வாய மூடிக்கினு வந்துட்டு, என் கைல வந்து காட்றியா?” அம்மாவின் குரல் உயரவில்லை, அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. “இந்த நாக்காலதான்டி டாக்டருங்ககிட்ட பேசறேன், போலீஸ்காரங்கிட்ட பேசறேன், உன் காலேஜ்ல சீட்டு கேட்டு நின்னப்பவும் இதாலதான் பேசினேன். அப்பல்லாம் நல்லாதான இருந்துச்சி?”

ஜூடி உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, “சாரிம்மா” என்றாள். அம்மா தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிட்டு முடித்த பிறகு, “சொன்னவன் யாருன்னு மட்டும் சொல்லு” என்றாள். ஜூடி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முதலில் அத்னானின் பெயர்தான் வாயில் வந்திருக்கும்.

*

தேர்வாளர் நரைத்த கிராப்பு வைத்த ஒரு அம்மாள். கையில் பேனாவைத் தவிர எதுவும் இல்லை. விஷ்வஜித் அறிமுகம் செய்தான். தன்யா திரைகளைக் காட்டினாள். பிறகு அத்னான் எழுந்து, ஜூடி எழுதிக் கொடுத்திருந்த குறிப்பை மனப்பாடமாக ஒப்பித்தான். சுத்தமான உச்சரிப்பு. வரிசைக்கு ‘ழ’ கிடையாது, ஆனால் பழுதுக்கு உண்டு. அந்த ‘ழு’வை அவன் நாக்கை நன்றாக மடித்துச் சொன்னான். ஜூடி மேசை ஓரத்தில் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து அந்த ‘ழு’வைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்த லாரி வாசலுக்குப் பக்கத்துல வந்துட்டு ரிப்பேர் ஆகி நின்னுடுச்சு. என்ன ஆகும்? ஓட்டிக் காட்டுங்க” என்றார் அந்த அம்மாள்.

அத்னான் திரும்பி ஜூடியைப் பார்த்தான். விஷ்வஜித்தும் பார்த்தான். ஓட்டுநரின் திரைக்குப் போய் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அந்தத் திரை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்; மற்ற மூவரும் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

“ஜூடி, காமி” என்றான் விஷ்வஜித்.

“எதைக் கிளிக் பண்ணட்டும்?” என்றாள் ஜூடி. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக.

“அதான்... அந்த பிரேக் டவுன்...”

“எங்கே இருக்குன்னு சொல்லுங்க. நான் ஆபரேட் மட்டும்தான்.”

விஷ்வஜித் திரையைக் கண்ணால் துழாவினான். “அந்த லாரியை செலக்ட் பண்ணு.” அவள் பண்ணினாள். “கேன்சல்னு இருக்குல்ல, அதை அமுத்து.”

ஜூடியின் விரல் ஒரு கணம் நின்றது. அதை அழுத்தினால் டோக்கன் ரத்தாகும் என்று அவளுக்குத் தெரியும். அத்னானைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுத்தினாள்.

திரையில் அந்த லாரி வரிசையிலிருந்து கழன்று, கடைசிக்குப் போய் ஒட்டிக்கொண்டது.

தேர்வாளர் பேனாவை மேசையில் வைத்தார். “அப்போ, டயர் வெடிச்சவன் மறுபடி முதல்லேர்ந்து நிக்கணும். இதுக்கு எதுக்குப்பா மென்பொருள்? இப்ப அங்க நடக்கறதும் அதுதானே?”

தோற்கப்போவது விஷ்வஜித் என்று நினைத்துத்தான் ஜூடி அதை அழுத்தினாள். ஆனால் அந்தப் பேச்சு வந்து விழுந்தது அவள் எழுதியதன் மேல். இல்லை மேடம், நான் அதைச் செய்யவே இல்லை, அதற்கு நேர்மாறாகத்தான் செய்திருக்கிறேன் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் அடுத்த அணியைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று பிற்பகலே மதிப்பெண் வந்தது. தேறியிருந்தார்கள், அவ்வளவுதான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உட்கார இந்தப் பாடத்தில் ஒரு குறைந்தபட்ச கிரேடு வேண்டும். நான்கு பேரும் அதற்குக் கீழே.

*

காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு ஜூடி டவுன் பஸ்ஸில் ஏறினாள். யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. மணலியில் டேங்கர் லாரிகள் வழிமறித்து பஸ் நெடுநேரம் நின்றது. வழக்கமான அந்த நாற்றம் ஜன்னல் வழியாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. திருவொற்றியூர் தேரடியில் இறங்கி வேறு பஸ்ஸுக்கு நிற்கும்போது, பின்வாசலிலிருந்து அத்னானும் இறங்குவதைப் பார்த்தாள். அதே பஸ்ஸில்தான் வந்திருக்கிறான்.

நேராக அவள் முன்னால் வந்து நின்றான்.

“இன்னாடி நென்ச்சிகினு கீற மனசுல?”

மூன்று வருஷமாக அவன் வாயில் கேட்காத பேச்சு. பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“உனுக்குத் தெரியும். அந்த பட்டனு எங்க கீதுன்னு தெரியும். தெரிஞ்சே வேணும்னு கேன்சல அமுக்கின. எங்கூட்ல எங்கம்மா தெருவெல்லாம் சொல்லிவெச்சிக்கீது, புள்ள இந்த வருசம் இன்டர்வியூக்குப் போறான்னு. இப்ப நா இன்னான்னு போயி சொல்றது? உங்கோவத்துக்கு நா இன்னாடி பண்ணேன்?”

“ஒண்ணும் பண்ணலடா!” என்றாள் ஜூடி. “அதாண்டா. நீ ஒண்ணுமே பண்ணல. அவன் என் நாக்கப் பத்திப் பேசறான், அவ சிரிக்கிறா. நீ இன்னா பண்ண? எய்த்த பெருசு பண்ணிகினு, சின்னது பண்ணிகினு குந்தினிருந்த. அவன் சிரிச்சாக்கூட எனுக்குப் பரவால்ல. அவன் யாரு? நீ யாருடா?”

“எனுக்கு மட்டும் இன்னா, பொறந்தப்பவே இப்டியா பேசினேன்?” அத்னான் பல்லைக் கடித்தான். “ஃபர்ஸ்ட் இயர்ல ஹாஸ்டல் பசங்கோ என்ன இன்னான்னு கூப்ட்டானுங்கோ தெரிமா? தெரியாது உனுக்கு. நா சொல்லல. தெனம் காலைல கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பேசி நாக்க வளைச்சிகினு பஸ்ஸு ஏர்றேன் நானு. அங்க நா வாயத் தொறந்து உனுக்காகப் பேசினா, அந்த வேகத்துல எந்த நாக்குடி வரும்? மாட்டிக்குவேன்ல?”

“மாட்டிக்கோயேன்! நா மாட்டிகினு நிக்கலியா?”

“நீ நிப்ப. எனுக்கு முடியல. சரி, நா பயந்தாங்கொள்ளி, போதுமா? அதுக்கு எங்கம்மாவ ஏன் சாவடிக்கிற?”

நான் எழுதியதையும் நானே சாகடித்துவிட்டேன் என்று ஜூடி சொல்ல நினைத்தாள். அதைச் சொன்னால் அழுகை வந்துவிடும். பஸ் வந்தது. அவன் ஏறிக்கொண்டான். அவள் அடுத்ததற்கு நின்றாள்.

*

மறுநாள் காலை முதல் மணி அடிக்கும் முன்பே கார்குழலி மேடத்தின் அறை வாசலில் நின்றாள்.

நடந்ததைச் சொன்னாள். ஸ்லைடு, ஆபரேட், பொத்தான், எல்லாவற்றையும். கார்குழலி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீதான் எழுதினேன்னு எனக்குத் தெரியும். உனக்கு மட்டும் தனியா ஒரு வைவா வெச்சு மார்க்கைத் திருத்திடலாம். எக்ஸ்டர்னல்கிட்ட நான் பேசிக்கறேன். நாளைக்கே வா.”

“மத்தவங்களுக்கு?”

“தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நின்னு பேசினாங்க இல்ல? இருக்கட்டும். உனக்கென்ன?”

வாசல் திறந்துதான் இருந்தது. அவள் ஒருத்தி நுழைந்து போய்விடலாம். விஷ்வஜித்தை அந்தக் கிரேடோடு விட்டுவிட்டுப் போகலாம் என்ற நினைப்பு இனித்தது. கூடவே அத்னானையும் விட்டுவிட வேண்டியிருக்கும் என்பதும் தெரிந்தது.

“வேணாம் மேடம். டீமுக்கே மறுபடி வெயுங்க. நாலு பேரும் வர்றோம்.”

“அது ரூல்ல இல்லம்மா. உனக்குத் தரேன்னு சொல்றதே நான் எடுத்துக்கற ரிஸ்க். இதுக்கு நன்றி சொல்லணும் நீ, வாசல்ல நின்னு வாதாடறே.”

அந்த ‘நன்றி’யில் ஜூடிக்குள் ஏதோ ஒன்று அறுந்தது.

“ஃபர்ஸ்ட் ரிவ்யூல யார் எழுதினதுன்னு நீங்க கேட்டீங்க மேடம். நா எய்தினேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க.”

கார்குழலியின் முகம் மாறியது. “நான் சிரிச்சேனா?”

“சிரிச்சீங்க. வாயப் பொத்திகினு சிரிச்சீங்க. டீச்சரே சிரிச்சா, விஷ்வஜித்துக்கு இன்னா பயம் இருக்கும்? அதுக்கு அப்புறம்தான் வராந்தால அம்பு விட ஆரம்பிச்சானுங்கோ. அதுக்கு அப்புறம்தான் என் பேரு மேல இருந்து கீய போச்சி.” நாக்கை வளைக்க அவள் முயலவே இல்லை. “நா பண்ணது தப்புதான். அதுக்கு மார்க்கக் கொறச்சிக்குங்க. ஆனா நா மட்டும் தப்பு பண்ணல.”

கார்குழலி கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

“வெள்ளிக்கிழமை மத்தியானம், லேப் காலியா இருக்கும்” என்றார் கடைசியில். “நாலு பேரும் வாங்க. முழு மார்க் கிடைக்காது, சொல்லிட்டேன்.”

*

விஷ்வஜித்திடம் அவள் சுருக்கமாகத்தான் பேசினாள், தன்யாவும் அத்னானும் பக்கத்தில் இருக்கும்போதே.

“வெள்ளிக்கெய்ம ரீ-ரிவ்யூ. நா பேசறேன். எனுக்கு வர்ற மாறிதான் பேசுவேன். நீ ஆபரேட் பண்ணு. ஸ்லைட்ல எம்பேர நா மாத்திட்டேன்.”

விஷ்வஜித் வாயைத் திறந்தான். இன்டர்வியூ பட்டியல் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மூடிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை லேபில் கார்குழலியும் இன்னொரு ஆசிரியரும் மட்டும்தான். ஜூடி பேசினாள். ஓட்டுநரை ஏன் லாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்தேன், டோக்கனை ஏன் அவர் கையில் கொடுத்தேன் என்று சொன்னாள். வேண்டுமென்றே பல தடவை ‘எய்தினேன்’ என்றாள். ஒவ்வொரு தடவையும் தன்யாவைப் பார்த்துச் சொன்னாள். தன்யா தரையைப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. திருந்திவிட்டார்கள் என்று ஜூடி நினைக்கவில்லை. மதிப்பெண் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“அந்தத் திரைக்குப் போ. அது இல்ல, கீய. ஆங், அத்த அமுத்து” என்றாள். விஷ்வஜித் அழுத்தினான். பழுதான லாரி ஓரமாக நின்றது. வரிசை நகர்ந்தது. சரியானதும் அது தன் இடத்துக்கே வந்து சேர்ந்தது.

இரண்டு லாரிகள் ஒன்றாகப் பழுதானால் என்று அந்த ஆசிரியர் கேட்டார். ஜூடி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அத்னான் பேசினான். இந்த நான்கு நாளில் நிரலை உட்கார்ந்து படித்திருக்கிறான் போலும், சரியாகச் சொன்னான். கல்லூரிப் பேச்சில்தான் சொன்னான். நடுவில் ஒரே ஒரு இடத்தில், “ஜூடி எழுதினதுல நான் கவனிச்சது” என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

கிரேடு ஏறியது, பட்டியலுக்குள் வந்துவிட்டார்கள், மயிரிழையில்.

வெளியே வந்ததும் விஷ்வஜித் கையை நீட்டினான். “குட் ஜாப், டீம். எப்படியோ முடிச்சிட்டோம்.”

“முடிச்சிட்டோமா?” என்றாள் ஜூடி. அந்தக் கை அப்படியே காற்றில் நின்றது. “எம்பேர நீ அந்த ஸ்லைட்ல எங்க போட்டன்னு நா மறக்க மாட்டேன். அட்த்த செமஸ்டர் வேற டீமு பாத்துக்கோ.”

உள்ளே திரும்பிப் போய் சுவரிலிருந்து தன் சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டிப் பைக்குள் திணித்தாள். படியில் இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அத்னான்தான். கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்தான்.

“எம்மேல கோவமா கீறியா இன்னும்?” என்று கேட்டான். காலேஜ் கேட்டுக்குள்ளேயே, பத்துப் பேர் நடமாடும் இடத்தில்.

“ஆமா” என்றாள் ஜூடி.

“நானுந்தான்” என்றான் அவன்.

காலேஜ் பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் பக்கத்து இருக்கையில் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தண்டையார்பேட்டை வரைக்கும் வந்தான்.